டீ வந்த பிறகு பேசியது

புதுவாயல்
9 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி பார்த்திபனுக்கு,

அக்காவின் ஆசிகள். நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். எனக்கு முட்டிவலி மட்டும் வந்து வந்து போகிறது, அதுவும் கம்பெனி பஸ் படி ஏறும்போதுதான். காயத்ரி எப்படி இருக்கிறாள்? பூமிகாவுக்கு இருமல் விட்டதா? புனேயில் இன்னும் குளிர் என்கிறார்கள், பிள்ளையைக் காதை மூடாமல் பள்ளிக்கூடம் அனுப்பாதே.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் கூப்பிட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் "அக்கா, இன்னொரு கால் வருது" என்கிறாய். கடிதத்தை உன்னால் கட் பண்ண முடியாது. கடைசி வரி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே கம்பெனிச் சோறுதான் சாப்பிடுகிறோம். நீ புனே தலைமை ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால், நான் கும்மிடிப்பூண்டி பிளான்ட்டில் கார் பம்பர் முன்னால், கீறல் இருக்கிறதா என்று தடவிக்கொண்டு. இங்கே மாதம் ஒரு தடவை பாதுகாப்புக் கமிட்டி கூடும். தொழிலாளர் பக்கம் நான், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற லோகு, பெயின்ட் பிரிவு ஹெலன், இன்னும் இரண்டு மூன்று பேர். எதிரே எச்.ஆர். மேனேஜரும் சேஃப்டி ஆபீசரும். உங்கள் புனேக்காரர்கள் சுவர் டிவியில் தெரிவார்கள். இந்தத் தடவை டிவியில் ஒரு கறுப்புக் கட்டம் புதிதாக முளைத்திருந்தது.

லோகுதான் கேட்டான். "சார், இந்தக் கட்டத்துல யாரு சார் குந்திக்கினு இருக்கிறது? மூஞ்சியே காட்ட மாட்டேங்குறாரு."

"அது ஏஐப்பா. நாம பேசறத எல்லாம் எழுதிக்கும்" என்றார் சேஃப்டி ஆபீசர்.

"யாரைக் கேட்டுக்கினு எழுதுது?" என்றேன்.

"ஹெட் ஆபீஸ் ஏற்பாடும்மா. நான் யாரைப் போயி கேக்கறது?"

அதோடு முடிந்தது. ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வதென்றால், "எழுதிக்கொள்ளட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. மனிதனுக்கு அந்த மரியாதை உண்டு, மெஷினுக்குக் கிடையாதா?

நீ பிளான்ட்டில் வேலை பார்த்தவன் இல்லை, அதனால் ஒன்று சொல்கிறேன். இங்கே நிஜ மீட்டிங் டீ வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். டீ கேனைப் பார்த்ததும் ஆபீசர்கள் எழுந்து அவர்கள் அறைக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்கு அங்கே பீங்கான் கப். நாங்கள் அதே ரூமில் பேப்பர் கப்போடு உட்காருவோம். எந்த மெஷினில் எந்தத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள், எந்த சூப்பர்வைசருக்கு வாய் நீளம், யாருக்கு உடம்பு முடியவில்லை, எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நான் கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த மீட்டிங்கில் ஆள் பெயர் சொல்லாமல் எடுத்து வைப்பேன். வருஷக்கணக்காக இங்கே வண்டி ஓடுவது அப்படித்தான்.

அந்தக் கட்டத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்த புண்ணியவான் யார் என்று விசாரித்து எழுது. மாமா நவரைப் பட்டத்துக்கு நெல் நட்டு முடித்துவிட்டார், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு, பதிலுக்குக் காத்திருக்கும்
ஈஸ்வரி

*

புனே
21 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் சுகம். பூமிகாவுக்கு இருமல் போய், முன்பல் ஆடுகிறது. உன் முட்டிக்கு ஒரு பெல்ட் வாங்கி அனுப்புகிறேன். ஆபீஸ் செக்யூரிட்டி உன் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது கோர்ட் நோட்டீஸ் என்றே நினைத்தேன்.

விசாரிக்க வேண்டியதே இல்லை. அந்தப் புண்ணியவான் நான்தான். எல்லா பிளான்ட்டுக்கும் மீட்டிங் குறிப்பெடுக்கும் ஏஐ போடுவது இந்த வருஷம் என் பொறுப்பு. முதலில் உன் பிளான்ட்டுக்குப் போட்டேன். ஏன் தெரியுமா? போன தீபாவளிக்கு நீ என்ன சொன்னாய்? "நாங்க சொல்ற புகார் ஒண்ணு கூட மினிட்ஸ்ல ஏற மாட்டேங்குது, அவங்களுக்கு வேண்டியதை அவங்களே எழுதிக்கிறாங்க" என்று திட்டினாய். இனி அப்படி முடியாது. யார் எதைச் சொன்னாலும் அப்படியே ஏறும். மீட்டிங் முடிந்த கையோடு எல்லாருக்கும் மெயிலில் போய்விடும். எவனும் பின்னால் மறுக்க முடியாது. யோசித்துப் பார், இது தொழிலாளிக்குத்தான் சாதகம்.

கேட்டுவிட்டுப் பதிவு செய்யவேண்டும் என்று எங்கள் விதிமுறையிலும் இருக்கிறது. அதை பிளான்ட்டில் சொல்லியிருக்கவேண்டும். நான் ஞாபகப்படுத்துகிறேன். பழகிவிட்டால் உனக்கே பிடித்துப்போகும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
பார்த்திபன்

*

புதுவாயல்
12 மார்ச் 2025

தம்பி பார்த்திபனுக்கு,

நீங்கள் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெல்ட் வந்தது, போட்டுக்கொண்டிருக்கிறேன், வலி குறைந்திருக்கிறது. கோபம்தான் குறையவில்லை.

போன வாரம் கமிட்டி கூடியது. பேசினோம், டீ வந்தது, உங்கள் புனேக்காரர்கள் டிவியில் டாட்டா காட்டிவிட்டு மறைந்தார்கள். ஆபீசர்களும் கிளம்பினார்கள். சேஃப்டி ஆபீசர் டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேஜைமேல் லேப்டாப் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. உன் குறிப்பெடுப்பானும் உள்ளே உட்கார்ந்திருந்தது. டீ குடிக்கும் நேரத்தில் பேசுவதெல்லாம் மீட்டிங் இல்லை என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அன்றைக்குத்தான் ஹெலன் எங்களிடம் சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருஷம், மாத்திரையும் ஊசியுமாக அலைந்தவள். மூன்று மாதம் என்று சொன்னபோதே அழுதுவிட்டாள். "பெயின்ட் வாடை வவுத்தைப் பெரட்டுதுக்கா. பேக்கிங்ல போடச் சொல்லலாம்னா பயமா கீது. மார்ச்சோட காண்ட்ராக்ட் முடியுது. கையெழுத்து ஆகுற வரிக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். லோகு தன் பங்கு பிஸ்கட்டையும் அவள் கப் பக்கத்தில் வைத்தான். ரூமே சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் மெயில் வந்தது. அழைக்கப்பட்ட எல்லாருக்கும். மேனேஜர், சூப்பர்வைசர்கள், புனே, ஸ்டோர்ஸ், யாரும் பாக்கியில்லை. இங்கிலீஷில் வந்த கடைசிப் பகுதியை உனக்காகத் தமிழில் எழுதுகிறேன், படி.

"இதர விஷயங்கள்: டீயில் சர்க்கரை குறைவு என்று ஈஸ்வரி தெரிவித்தார். ஹெலன் மூன்று மாத கர்ப்பம். பெயின்ட் பிரிவில் சிரமப்படுகிறார். காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்வரை நிர்வாகத்திடம் சொல்ல விரும்பவில்லை. அடுத்த நடவடிக்கை: எச்.ஆர். ஹெலனிடம் பேசவேண்டும்."

நிர்வாகத்திடம் சொல்ல விரும்பவில்லை என்று நிர்வாகத்துக்கே எழுதிப் போட்டிருக்கிறது! ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மறுநாள் பெயின்ட் பிரிவு சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னால் "இன்னா ஹெலன், ஸ்வீட் எங்கே?" என்று சிரித்தான். அவள் தன் மாமியாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை, பார்த்திபா. அந்தச் சேதியைச் சொல்கிற உரிமை அவளுடையது. அதை யார் எடுத்துக்கொண்டது?

இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே அந்தக் குறிப்பை எல்லார் மெயிலிலிருந்தும் அழி. ஒருத்தர் கண்ணிலும் இனிப் படக்கூடாது. உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். போன் பண்ணினேன், நான்கு தடவை, எடுக்கவில்லை. அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

ஈஸ்வரி

*

புனே
17 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கண்டேன். உன் சக ஊழியருக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறேன்.

நீ கேட்டபடி அந்தக் குறிப்பை நீக்கிவிட்டேன். எல்லாருடைய மெயிலிலிருந்தும், எங்கள் சேமிப்பிலிருந்தும். ஒலிப்பதிவும் போய்விட்டது. இனி யார் தேடினாலும் கிடைக்காது. நீ நிம்மதியாக இரு.

பூமிகாவுக்குப் பல் விழுந்துவிட்டது.

பார்த்திபன்

*

புதுவாயல்
6 ஏப்ரல் 2025

தம்பி பார்த்திபனுக்கு,

ஆசிகள். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மாமாவுக்கு ஒரு நாள் தலைசுற்றல், இப்போது தேவலை. பூமிகாவின் புதுப் பல்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்.

அசௌகரியமாம், அசௌகரியம்! ரயிலில் ஜன்னல் சீட்டு கிடைக்காததற்குப் பெயர் அசௌகரியம். அந்த வார்த்தையை உனக்கு எந்த மெஷின் எடுத்துக் கொடுத்தது?

போகட்டும். அழித்தாய், அதற்கு நன்றி. அந்த நன்றியோடு சேர்த்து இதையும் கேள். ஹெலனை நிறுத்திவிட்டார்கள். மார்ச் கடைசியில் அவளோடு காண்ட்ராக்ட்டில் இருந்த எல்லாருக்கும் கையெழுத்து ஆனது, அவளுக்கு மட்டும் ஆகவில்லை. கர்ப்பிணியை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு எடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, எங்களுக்கும் தெரியும். நானும் லோகுவும் எச்.ஆர். மேனேஜர் முன்னால் போய் நின்றோம்.

மனுஷர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அந்தம்மா கர்ப்பமா? எனக்கு எப்படிங்க தெரியும்? அவங்க சொல்லவே இல்லையே. ஆள் குறைப்பு, அவ்ளோதான்."

"மெயில் வந்துச்சே சார், உங்களுக்கும்தானே வந்துச்சு" என்றான் லோகு.

"எந்த மெயில்? காட்டு பாப்போம்."

லோகு போனை எடுத்துத் தடவினான். இல்லை. என் போனில் தேடினேன். இல்லை. எப்படி இருக்கும்? நான்தானே அழிக்கச் சொன்னேன். மேனேஜர் எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, கதவைத்தான் பார்த்தார். ஸ்வீட் கேட்ட அந்த சூப்பர்வைசரும் இப்போது அப்படிக் கேட்கவே இல்லை என்கிறான். அவளுடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவளுக்கு இருந்த ஒரே ஆதாரத்தை நானே என் கையால் துடைத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை எனக்கு.

எனக்கு நிரந்தர வேலை. அது போனாலும் சோழவரம் பக்கம் நிலம் இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் நான் வாயாடுகிறேன். ஹெலனுக்கு இந்த வேலைதான். திருவள்ளூரில் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டோம். நிர்வாகத்துக்குத் தெரியும் என்று காட்டினால் அவள் வேலை திரும்பக் கிடைக்கும், காட்டாவிட்டால் போனதுதான்.

ஆகவே ஒரே ஒரு கேள்வி. நீ அழிப்பதற்கு முன்னால் அதை யார் யார் பார்த்தார்கள்? உனக்குத் தெரியாமல் இருக்காது.

அக்கா
ஈஸ்வரி

*

புதுவாயல்
25 மே 2025

தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமா என்று கேட்கிறேன். ஏழு வாரமாகப் பதில் இல்லை என்பதால் நிஜமாகவே கேட்கிறேன். காயத்ரியைப் போனில் பிடித்தேன். "அவருக்கு வேலை ஜாஸ்திங்க்கா" என்று சொல்லிவிட்டு வெயிலைப் பற்றிப் பேசினாள். அவளும் உன்னிடம் பாடம் படித்திருக்கிறாள்.

நீ எழுதாவிட்டால் என்ன, நான் எழுதுகிறேன். இந்த மாதக் கமிட்டியில் நடந்ததைக் கேள். கறுப்புக் கட்டம் வந்து உட்கார்ந்தது. புனேயிலிருந்து ஒருவர் "தொடங்கலாமா" என்றார். நான் எழுந்தேன்.

"என் பேரு ஈஸ்வரி. தரம் பார்க்கிற பிரிவு. நான் பேசறதப் பதிவு பண்ண எனக்குச் சம்மதம் இல்லை" என்றேன். உட்கார்ந்தேன்.

லோகு எழுந்தான். "என் பேரு லோகு. ஃபோர்க்லிஃப்ட். எனக்கும் சம்மதம் இல்ல." அடுத்தவர் எழுந்தார், அதற்கடுத்தவர் எழுந்தார். புனேக்காரர் சிரித்துக்கொண்டே "சரி, சரி, முதல் விஷயம், தீயணைப்புக் கருவி" என்றார். நான் மறுபடி எழுந்து பெயர் சொல்லி, சம்மதம் இல்லை என்றேன். இரண்டாவது விஷயம், கழிவறை விளக்கு. லோகு எழுந்தான். மூன்றாவது, கேன்டீன். மொத்தப் பேரும் வரிசையாக எழுந்தோம். சேஃப்டி ஆபீசர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், தோள் குலுங்கியதைப் பார்த்தேன், நல்ல மனுஷன், சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

சாயங்காலம் குறிப்பு வந்தது. பக்கம் முழுக்க எங்கள் பெயர்கள். முடிவுகள் என்ற இடத்தில் எதுவும் இல்லை. "பங்கேற்பாளர்கள் பதிவுக்குச் சம்மதிக்கவில்லை" என்று திரும்பத் திரும்ப எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருந்தது. பிளான்ட்டில் அதை அச்சடித்துக் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிற அம்மாகூட "என் பேரு குப்பம்மா, எனக்கும் சம்மதம் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றினாள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவேண்டி வரும்" என்றார்.

"எடுங்க சார். நீங்க சொல்றத நான் போன்ல பதிவு பண்ணிக்கட்டுமா? கேட்டுட்டுத்தான் பண்ணுவேன்" என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "பாத்தீங்களா சார், உங்களுக்கும் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாங்கள் கேட்பது ஒன்றும் ஆகாயத்தில் இல்லை. ஆரம்பிக்கும் முன் எல்லாரையும் கேள், ஒருவர் வேண்டாம் என்றாலும் நிறுத்து, டீ வந்தால் அணை. அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கூத்தெல்லாம் ஹெலனுக்கு வேலை வாங்கித் தராது. ஜூலை பதினைந்தாம் தேதி விசாரணை. என் கேள்வி அப்படியே இருக்கிறது. யார் பார்த்தார்கள்?

ஈஸ்வரி

*

புனே
4 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். மாமாவுக்குத் தலைசுற்றல் மறுபடி வந்ததா? ரத்த அழுத்தம் பார்க்கச் சொல். இங்கே மழை முன்கூட்டியே வந்துவிட்டது. இனிமேல் ஆபீஸ் முகவரிக்கு எழுதாதே, வீட்டுக்கு எழுது.

உன் கேள்விக்குப் பதில். குறிப்பை அழிக்கப்போகிறேன் என்று உங்கள் பிளான்ட்டுக்குத் தெரிவித்தேன், உடனே உங்கள் எச்.ஆர். மேனேஜரிடமிருந்து எனக்கு ஒரு கால் வந்தது. "அழிக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு காப்பி அனுப்பிடுங்க" என்றார். மேனேஜர் கேட்டால் கொடுப்பது எங்கள் வழக்கம். அனுப்பினேன். பிறகு அழித்தேன். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இது உனக்கு மட்டும். படித்ததும் கிழித்துவிடு. வீட்டுக் கடன் இன்னும் பாதிகூட முடியவில்லை. பூமிகா புதுப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். உனக்குப் புரியும்.

பார்த்திபன்

*

புதுவாயல்
11 ஜூன் 2025

அன்புத் தம்பி பார்த்திபனுக்கு,

ஆசிகள். மாமாவுக்கு அழுத்தம் பார்த்தாகிவிட்டது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பூமிகா புதுப் பள்ளியில் நன்றாகப் படிக்கட்டும்.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீ சொன்னதற்காகத்தான் கிழித்தேன், மனசாரக் கிழிக்கவில்லை. அடுப்பில் போட்டு எரியும்வரை நின்று பார்த்தேன். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதினால் இந்தத் தாள் போதாது.

அதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் திருவள்ளூர் ஆபீசர் மேஜையில் போட்டிருக்கலாம். நீ எழுதியது என்ன என்று சொல்லாமல் மாமாவைக் கேட்டேன், அவரும் அதைத்தான் சொன்னார். "உன் தம்பியா, அந்தப் பொண்ணா, யோசி" என்றார். யோசித்தேன். நீ எனக்கு மட்டும் சொன்னதை உன்னைக் கேட்காமல் நான் எடுத்துக் கொடுத்தால், எனக்கும் அந்தக் கறுப்புக் கட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே கேட்கிறேன். நீ சொன்னதை நான் விசாரணையில் சொல்லட்டுமா?

ஹெலனிடம், விஷயம் தெரிந்த ஒருவன் இருக்கிறான், அவன் என் தம்பி, சொல்லலாமா என்று அவனைக் கேட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு ஆறாம் மாதம், காலெல்லாம் வீக்கம். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"உன் தம்பிய மட்டும் கேட்டுக்கினு கீறியேக்கா. என்னை யாரு கேட்டாங்க?"

எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். அவள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். இருந்தும் உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். நியாயத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் போலிருக்கிறது.

முடியாது என்றால் முடியாது என்றே எழுது. அதையும் ஹெலனிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். மழை, பல், பள்ளிக்கூடம் என்று எழுதினாயானால் இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். பயமுறுத்தவில்லை, தீர்மானத்தைச் சொல்கிறேன்.

ஈஸ்வரி

*

புனே
3 ஜூலை 2025

அன்பு அக்காவுக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கம்தான் வருவதில்லை. காயத்ரி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். முடியாது என்று இரண்டு தடவை எழுதி, தபாலில் சேர்க்காமல் குப்பையில் போட்டேன். ஹெலன் கேட்டதைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

நேற்று கம்பெனியின் காலாண்டுக் கூட்டம். எல்லா பிளான்ட்டும், முதலாளிவரை, திரையில் சேருகிற கூட்டம். முடிவில் யாராவது கேள்வி கேட்கலாம் என்பார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். நான் கை தூக்கினேன். "இந்தக் கூட்டம் பதிவாகிறதா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஏற்பாடே என்னுடையது அல்லவா? ஆகிறது என்றார்கள். "நல்லது. என் சம்மதத்தோடு பதிவாகட்டும்" என்றேன்.

பிறகு சொன்னேன். கும்மிடிப்பூண்டி பிளான்ட்டில் மார்ச் மாதம், மீட்டிங் முடிந்தபின் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசியதை எங்கள் கருவி பதிவு செய்தது. ஒரு பெண் தொழிலாளியின் சொந்த விஷயம் எல்லாருக்கும் போனது. அதை அழிக்கும் முன் அந்த பிளான்ட்டின் எச்.ஆர். மேனேஜர் என்னிடம் காப்பி கேட்டு வாங்கினார். கொடுத்தவன் நான். இரண்டு வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு வேலை போனது. இப்போது தனக்கு எதுவும் தெரியாது என்று அவர் சொல்கிறார். அது பொய்.

அந்தப் பெண்ணின் பெயரையும் அந்த விஷயத்தையும் நான் சொல்லவில்லை. அவரைக் கேட்காமல் இரண்டாம் முறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

யாரோ என் மைக்கை நிறுத்தினார்கள், அதற்குள் முடித்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் என் பெரிய அதிகாரி ஓடிவந்தார். "அந்தக் குறிப்பு மெயிலில் போகக் கூடாது, நிறுத்து" என்றார். நிறுத்துகிற பட்டன் என் திரையில்தான் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், அக்கா. மெயில் போனது. உனக்கும், லோகுவுக்கும், கும்மிடிப்பூண்டியில் கமிட்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும். இதற்குள் பார்த்திருப்பாய். அச்சடித்துப் பத்திரமாக வை, இதை அழிக்க நான் இங்கே இருக்கப்போவதில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சொல்லட்டுமா என்று கேட்டாயே, சொல். யார் முன்னால் வேண்டுமானாலும் சொல். ஆபீசர் கேட்டால் நேரில் வந்து நானே சொல்கிறேன்.

உன் தம்பி
பார்த்திபன்

*

புதுவாயல்
20 ஜூலை 2025

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா முழு மனசோடு ஆசீர்வதிக்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். முட்டிவலிகூட இந்த வாரம் எங்கேயோ போய்விட்டது.

மெயில் வந்தபோது நான் லைனில் நின்றுகொண்டிருந்தேன். லோகு ஃபோர்க்லிஃப்ட்டை நடுவழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "யக்கா, உன் தம்பி கலக்கிட்டாருக்கா!" என்று கத்தினான். படித்தேன். எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. என் தம்பி என்று அங்கே நின்ற எல்லாரிடமும் சொன்னேன். கேட்காதவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

பதினைந்தாம் தேதி திருவள்ளூருக்கு ஒரு வேன் நிறையப் போனோம். ஆபீசர், நீ பேசியது வந்த மெயிலை அச்சடித்த தாளை மேனேஜர் பக்கம் தள்ளி, "அப்படி ஒரு குறிப்பே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இவர் உங்களுக்கு அனுப்பினேன்னு சொல்றார். எது சரி?" என்று கேட்டார். மேனேஜர் தண்ணீர் கேட்டார். பிறகு அவகாசம் கேட்டார். அன்று சாயங்காலமே கம்பெனியிலிருந்து ஹெலனுக்குப் போன். பேக்கிங் பிரிவில் வேலை, நின்ற மாதங்களும் வேலையில் சேர்த்தி, அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தோடு பிரசவ விடுப்பு. மறுநாள் அவள் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தபோது பெயின்ட் பிரிவே வெளியே வந்து நின்றது.

மீட்டிங் ரூம் கதவில் நாங்கள் கேட்ட மூன்றையும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டிருப்பது அதே மேனேஜர். அவர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். இருக்கட்டும், நாங்களும் எதிரே இருக்கிறோம்.

உன் வேலை போனதற்கு நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. கெட்டிக்காரன் நீ, வேறு கிடைக்கும். கிடைக்கும்வரை மூன்று பேரும் இங்கே வந்து இருங்கள். காயத்ரியிடம் நான் பேசிவிட்டேன், அழுதாள், பிறகு டிக்கெட் பார்க்கிறேன் என்றாள்.

நீ வருவதை ஹெலனிடம் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவாய்.

"வரட்டும்க்கா. எந்திரிச்சி நின்னு சொன்னாரே, அது பெரிய விஷயம். ஆனா காப்பி அனுப்பினதும் அவருதானே? அதுக்கு நேர்ல அவரை நாலு கேள்வி கேக்கணும் நான்" என்றாள்.

கேள் என்று சொல்லிவிட்டேன். உனக்காக ஒரு வார்த்தை நான் குறுக்கே பேச மாட்டேன். வருகிற ஞாயிறு அல்லது அடுத்த ஞாயிறு, நீ வந்து சேர்கிற நாளைப் பார்த்து அவளை வீட்டுக்கு அழைக்கிறேன். நானும் மாமாவும் கழனிக்குப் போய்விடுவோம். நீ போனை எங்களிடம் கொடுத்துவிட்டு அவள் எதிரே உட்கார். அவள் சொல்லப்போவது உனக்கு மட்டும்.

உன் அக்கா
ஈஸ்வரி